தொகுத்தது யார்?

(ஓசூரில் தொழிலாளத் தோழர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைய தினம் நான் பேச வேண்டும் என்று தோழர்கள் குறித்துக் கொடுத்திருக்கும் விஷயம் "கதைத் தொகுப்புகள்" என்பதாகும். பலர் சொன்ன கதைகளையும் பாட்டுகளையும் சேர்த்து ஒரே புஸ்தகமாகப் போடுவதும், அதுபோலவே தொலைக்காட்சியில் நாளுக்கு ஒன்று வாரத்துக்கு ஒன்று என்று தனித்தனிக் கதைகளை ஒரு தலைப்பின் கீழ்க் காட்டுவதுமான காரியத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்கு, "கூலியைப் பற்றியும் வேலை நேரத்தைப் பற்றியும் பேச வேண்டிய இடத்தில் இந்தப் பண்டிதர் சங்கதி எதற்கு?" என்று தோன்றலாம். தோன்றுவது நியாயந்தான். நானும் பண்டிதன் அல்ல. ஆனாலும் இது பண்டிதர் சங்கதி அல்ல என்றும், நாளைக்கு உங்களைப் பற்றி எவர் என்ன தெரிந்துகொள்ளப் போகிறார்கள் என்கின்ற சங்கதி என்றும் எனக்குப் படுவதால்தான் ஒப்புக்கொண்டு வந்தேன்.

வருகிற வழியில் பஸ்ஸில் ஒரு தோழர் என்னைக் கேட்டார். "எழுதுகிறவன் ஒருவன் இருக்கிறான். படிக்கிறவன் ஒருவன் இருக்கிறான். நடுவில் தொகுக்கிறவன் என்று ஒருவன் என்ன வேலை செய்கிறான்? பல தோட்டத்து மாங்காயை ஒரே கூடையில் கொட்டுகிற வேலைதானே ஐயா?" என்றார். நான் அவரை, "கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்குள் போய்ப் பார்த்திருக்கிறீர்களா?" என்று திருப்பிக் கேட்டேன். அங்கே குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து தரம் பிரிக்கிற ஆள் இருக்கிறாரே, அவர் மரம் வளர்க்கவில்லை, தண்ணீர் பாய்ச்சவில்லை. ஆனால் ஒரே மரத்துக் காயில் எது பெட்டியில் ஏறி வெளியூர் போக வேண்டும், எது கூழ் ஆலைக்குப் போக வேண்டும், எது குப்பையில் விழ வேண்டும் என்பது அவர் கையில்தான் இருக்கிறது. வாங்குகிறவனுக்குப் பெட்டிதான் தெரியும். குப்பையில் விழுந்ததைப் பற்றி அவன் கேட்பதேயில்லை. தொகுக்கிறவர் வேலையும் அதுவேதான் என்று சொன்னேன். இன்று நான் சொல்லப் போவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தின் விரிவே ஆகும்.

முதலில் இந்தச் சீமையின் சங்கதி ஒன்றையே எடுத்துக்கொள்ளுவோம். கிருஷ்ணகிரியானது 2004ஆம் வருஷம் பிப்ரவரி 9ஆம் தேதி தனி மாவட்டமாக ஆகும் வரையில் தருமபுரி மாவட்டத்தில் சேர்ந்திருந்தது. தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அங்கே அதியமான்கள் ஆண்டார்கள். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை என்பவன் படையெடுத்து வந்து தகடூர்க் கோட்டையைப் பிடித்தான். அந்தச் சண்டையைப் பற்றி "தகடூர் யாத்திரை" என்று ஒரு நூல் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்லுகிறேன். இன்று அந்த நூல் முழுதாகக் கிடையாது. கறையான் தின்றதோ, ஆற்றில் விட்டார்களோ, படி எடுத்து வைக்க ஆளில்லாமலே போயிற்றோ, எப்படியோ போய்விட்டது.

ஆனால் அதிலிருந்து சில பத்துப் பாட்டுகள் மட்டும் தப்பியிருக்கின்றன. எப்படித் தப்பின? பிற்காலத்தில் எவரோ ஒருவர் பல பழைய நூல்களிலிருந்து நல்ல பாட்டுகளைப் பொறுக்கி, திருக்குறளைப் போல் அறத்துப்பால், பொருட்பால் என்று பிரித்து, "புறத்திரட்டு" என்று ஒரு தொகுப்புச் செய்தார். எந்த நூலிலிருந்து எடுத்தது என்பதையும் குறித்து வைத்தார். அந்தத் தொகுப்பை 1938ஆம் வருஷத்தில் வையாபுரிப் பிள்ளை அவர்கள் பதிப்பிக்க, சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. தகடூர் யாத்திரையும், முத்தொள்ளாயிரமும், பௌத்த சமண நூல்களான குண்டலகேசியும் வளையாபதியும் இன்று நமக்குச் சிறிதளவாவது கிடைப்பதற்குப் பெரும் பங்கு அந்தத் தொகுப்புத்தான் காரணம். அதைச் செய்தவர் தம் பெயரைக்கூட எழுதி வைக்கவில்லை. எந்த மதத்தார் நூல் என்று பாராமல் எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறார். அவர் அன்று பொறுக்காமல் விட்டிருந்தால், இந்த நாட்டில் நடந்த அந்தச் சண்டையைப் பற்றி இருந்த தனி நூலில் பெயருக்கு மேல் அதிகம் மிஞ்சியிருக்காது. ஆகவே தொகுப்பது என்பது பைண்டர் வேலை அல்ல. சாகப் போகிறதைப் பிழைக்க வைக்கிற வேலையுமாகும்.

இனி இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். அதே சண்டையில் ஜெயித்த சேரனைப் புகழ்ந்து அரிசில் கிழார் என்ற புலவர் பாடிய பத்துப் பாட்டுகளும், பதிற்றுப்பத்து என்ற தொகை நூலில் எட்டாம் பத்தாக அப்படியே இருக்கின்றன. அதற்காக அந்தப் புலவருக்கு ஒன்பது நூறாயிரம் பொற்காசு கொடுத்ததாக அதன் பதிகமே சொல்லுகிறது. அந்தப் புலவரை நான் குறை கூறவில்லை. ஆனால் ஒரு சண்டையில் ஜெயித்தவனுடைய புகழ் முழுசாகவும், சண்டை நடந்த ஊரின் நூல் கந்தலாகவும் நம் கைக்கு வந்திருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். ராஜாவின் தொகைக்குக் காவல் இருந்தது. ஊரார் நூலுக்குப் பெயர் தெரியாத ஒருவர்தான் காவல்.

நம் முன்னோர் இந்தச் சூக்ஷுமத்தை அறியாதவர்கள் அல்ல. அவர்கள் இரண்டு பெயர்களைத் தனித்தனியாகவே குறித்து வைத்தார்கள். தொகுத்தோன் ஒருவன், தொகுப்பித்தோன் ஒருவன். அதாவது வேலை செய்தவன் ஒருவன், வேலை வாங்கினவன் ஒருவன். அகநானூற்றைத் தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. அந்த அகநானூற்றிலே 26ஆம் பாட்டு யார் பாடியது தெரியுமா? அந்த உக்கிரப்பெருவழுதியே பாடியது! பாட்டு நல்ல பாட்டுத்தான். இருந்தாலும் செலவு செய்கிறவர் பாட்டு உள்ளே இடம் பெறுவது என்பது நேற்று ஏற்பட்ட வழக்கம் அல்ல என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

நிற்க, அந்தப் பழைய தொகுப்பாளர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய யோக்கியமான காரியங்கள் இரண்டு இருக்கின்றன. அவைகளைச் சொல்லாவிட்டால் நான் நடுநிலை தவறினவன் ஆவேன்.

ஒன்று, அவர்கள் பிரித்த விதம். நாலு அடி முதல் எட்டு அடி வரை உள்ளதைக் குறுந்தொகை என்றும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உள்ளதை நற்றிணை என்றும், அதற்கு மேல் முப்பத்தோரடி வரை உள்ளதை அகநானூறு என்றும் அடிக்கணக்கைக் கொண்டு பிரித்தார்கள். பாடினவன் ராஜாவா, கூலிக்காரனா, ஆணா, பெண்ணா என்று அளக்காமல் பாட்டை அளந்தார்கள்.

இரண்டாவது, பாடினவர் பெயரோடு அவர் தொழிலையும் சேர்த்து வைத்தார்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றால் ஜவுளிக்காரர். கூலவாணிகன் சாத்தனார் என்றால் தானிய வியாபாரி. தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்றால் தட்டார். உறையூர் மருத்துவன் தாமோதரனார் என்றால் வைத்தியர். வெண்ணிக் குயத்தியார் என்றால் பானை வனைகிற பெண்பிள்ளை. அந்தக் குயத்தியார் பாட்டு புறநானூற்றில் 66ஆவதாக இருக்கிறது. வெண்ணிப் போரில் ஜெயித்த கரிகாலனுக்கு நேராகவே, உன்னிடம் தோற்று மானத்துக்காக உயிர் விட்டானே அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்கிறாள் அந்த அம்மாள். ஒரு குயவர் வீட்டுப் பெண் ஒரு சக்கரவர்த்தியைக் கேட்ட கேள்வி இத்தனை காலம் கழித்து நம் காதில் விழுகிறதென்றால், அதை விலக்காமல் சேர்த்த ஒரு தொகுப்பாளர் கை அதில் இருக்கிறது.

இன்னும் ஒரு அழகான காரியம் செய்தார்கள். பாட்டு இருக்கிறது, பாடினவர் பெயர் தெரியவில்லை. என்ன செய்வது? "யாரோ பாடியது" என்று போட்டுவிட்டுப் போகவில்லை. அந்தப் பாட்டிலே வருகிற ஒரு நல்ல சொல்லை எடுத்து அதையே அவருக்குப் பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றும் குறுந்தொகையிலும் நற்றிணையிலும் காணப்படும் பெயர்கள் இப்படி வந்தவை. பெயர் தொலைந்த ஒருவனை அவன் சொல்லைக் கொண்டே திரும்பவும் மனிதனாக்கி நிறுத்தினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதனிடம் திரும்பி வருவேன்.

ஆனால் இந்த யோக்கியமான காரியத்துக்கு முன்னால் பின்னாளில் ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். குறுந்தொகை, நற்றிணை, ஐங்குறுநூறு, அகநானூறு, புறநானூறு ஆகிய ஐந்துக்கும் பாரதம் பாடிய பெருந்தேவனார் என்பவர் செய்த கடவுள் வாழ்த்துப் பாட்டு முன்னால் நிற்கிறது. குறுந்தொகைக்கு முருகன், நற்றிணைக்குத் திருமால், மற்ற மூன்றுக்கும் சிவன். உள்ளே இருப்பதோ ஆணும் பெண்ணும் காதலித்ததும், பிரிந்ததும், பசித்ததும், சண்டையில் செத்ததும், யானைக்குத் தினைப்புனம் காத்ததும் ஆகிய மனிதர் சங்கதிகள். வாசற்படியில் மட்டும் சாமி. பெருந்தேவனார் பாட்டு நன்றாகவோ மோசமாகவோ இருக்கட்டும். எனக்கு அதில் வழக்கு இல்லை. புஸ்தகத்தைத் திறக்கிற பிள்ளைக்கு, இந்தப் பாட்டுகளெல்லாம் பக்தியில் பிறந்தவை என்கின்ற எண்ணத்தை முதல் பக்கமே உண்டாக்கிவிடுகிறதே, அதைத்தான் சொல்லுகிறேன். உள்ளே ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. முன்னால் ஒன்றை வைத்தால் போதும், பின்னால் உள்ளதெல்லாம் வேறு மாதிரித் தெரியும். தொகுக்கிறவர் கைக்கு அவ்வளவு பலம் உண்டு.

இங்கே கன்னடம் பேசுகிற தோழர்களும் தெலுங்கு பேசுகிற தோழர்களும் நிறைய இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுச் சங்கதியும் சொல்லாவிட்டால் குறையாகும்.

கன்னடத்தில் 12ஆம் நூற்றாண்டில் பசவண்ணர் காலத்தில் வசனம் பாடினவர்களின் பெயர்களைப் பாருங்கள். அம்பிகர சௌடய்யா என்றால் ஓடக்காரர். நுலிய சந்தய்யா என்றால் கயிறு திரிக்கிறவர். ஆய்தக்கி லக்கம்மா என்றால் சிந்திய அரிசியைப் பொறுக்கி ஜீவித்தவர். இவர்களுடைய வசனங்கள் ஓலைகளில் சிதறிக் கிடந்தன. பிஜாப்பூரில் வக்கீலாயிருந்த ஹளகட்டி என்பவர் வீடு வீடாகத் தேடிச் சேர்த்து, 1923இல் "வசன சாஸ்திர சாரம்" என்று அச்சிட்டார். ஓடக்காரர் பேச்சும் அரிசி பொறுக்கின அம்மாள் பேச்சும் அச்சில் ஏறி எல்லார் கைக்கும் வருவதற்கு, தொகுக்கிறவர் ஒருவர் தம் சொந்த வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தெலுங்கில் நடந்ததோ வேறு. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் ராஜசபையில் முத்துப்பழனி என்ற தேவதாசிப் பெண் "ராதிகா சாந்த்வனம்" என்று ஒரு காவியம் எழுதினாள். 1887இல் அதை அச்சுப் போட்டவர் சில பாட்டுகளையும் விட்டுவிட்டு, எழுதினவள் தாசி என்பதைச் சொல்லுகிற இடத்தையும் விட்டுவிட்டார். பெங்களூர் நாகரத்தினம்மாள் மூல ஏட்டைத் தேடிப் பிடித்து, விட்டதையெல்லாம் சேர்த்து 1910இல் முழுசாக வெளியிட்டார். மறு வருஷமே சர்க்கார் அதை ஆபாசம் என்று தடை செய்துவிட்டது. தடை நீங்க 1947 ஆயிற்று. 1991இல் சூசி தாரு, கே. லலிதா என்ற இரண்டு பெண்மணிகள் இந்தியப் பெண்களின் எழுத்துகளை ஒரு பெருந்தொகுப்பாகக் கொண்டுவந்தபோது, முத்துப்பழனிக்கு அதில் உரிய இடம் கொடுத்தார்கள். ஒருத்தி எழுதினதை ஒருவர் வெட்டினார்; ஒருத்தி ஒட்டினாள்; சர்க்கார் பூட்டியது; பிறகு இரண்டு பெண்கள் ஊரறியச் செய்தார்கள். இதில் எழுதினவள் பங்கு எவ்வளவு, இடையில் இருந்தவர்கள் பங்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவும் ஏட்டுக் காலத்துச் சங்கதி. இன்று நீங்கள் வேலை முடிந்து வந்து பார்க்கிற தொலைக்காட்சிக்கு வருவோம்.

உங்களில் வயது சென்றவர்களுக்கு 1986இல் தூர்தர்ஷனில் வந்த "மால்குடி நாட்கள்" நினைவிருக்கும். ஆர். கே. நாராயண் எழுதிய கதைகள். அவர் பிறந்தது சென்னையில், வாழ்ந்தது மைசூரில், எழுதியது இங்கிலீஷில். படம் எடுத்தவர் கன்னட நடிகர் சங்கர் நாக். எடுத்த இடம் கர்நாடகத்து மலையூரான ஆகும்பே. நம் தெருவில் வந்து விழுந்ததோ பெரும்பாலும் இந்தியில். இத்தனை பாஷைகளைக் கடந்தும் அந்தக் கதைகள் ஜனங்களுக்குப் புரிந்தன. ஏன் புரிந்தன? "மால்குடி நாட்கள்" என்று இன்று கிடைக்கிற புஸ்தகத்தில் மாதம் நாற்பத்தைந்து ரூபாய் சம்பளக்காரர் ஒருவர் கதை இருக்கிறது. மகளைச் சினிமாவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போகிறார். மேலதிகாரி விடுவதாயில்லை. இந்த நாற்பத்தைந்துக்கு என்னை விற்றுவிட்டேனா என்று கோபம் வந்து ராஜிநாமா எழுதுகிறார். அந்த நேரத்தில் சம்பளம் ஐந்து ரூபாய் உயர்ந்திருக்கிறது என்கிறார்கள். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இருட்டின பிறகு வீட்டுக்குப் போகிறார். குழந்தை நல்ல உடுப்பு கசங்கக்கூடாதென்று படுக்க மறுத்து, கடைசியில் அதைப் போட்டபடியே தூங்கிவிட்டிருக்கிறது. ஷிப்டு முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாமல் ஓவர்டைமுக்கு நின்றவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்? உங்களுக்கு இந்தக் கதையை எந்தப் பாஷையில் சொன்னாலும் புரியும்.

தமிழில் 2000ஆம் ஆண்டையொட்டி பாலு மகேந்திரா அவர்கள் "கதை நேரம்" என்ற பெயரில் தமிழ்ச் சிறுகதைகளை எடுத்து, வாரத்துக்கு ஒன்றாக 52 குறும்படங்கள் சன் தொலைக்காட்சிக்குச் செய்தார். புஸ்தகம் வாங்காத வீட்டுக்குள்ளும் சிறுகதை நுழைந்தது. இது பெரிய உபகாரம் என்றே சொல்லுவேன்.

பிறகு 2020 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் "பாவக் கதைகள்" என்று நாலு டைரக்டர்கள் எடுத்த நாலு கதைகள் ஒரே தொகுப்பாக வந்தன. குடும்ப மானம் என்ற பெயரால் நடக்கும் கொடுமைதான் நாலுக்கும் சரடு. அதில் வெற்றிமாறன் எடுத்த "ஓர் இரவு" என்ற கதையில், சாதி மாறிக் கலியாணம் செய்துகொண்ட மகள் கர்ப்பமாயிருக்கிறாள். வளைகாப்புச் செய்வதாகச் சொல்லி அப்பன் அன்பாக அழைத்துக்கொண்டு போகிறான். அன்று இரவே விஷம் கொடுத்துக் கொல்லுகிறான். பார்த்தவர்கள் தூங்கவில்லை என்று சொன்னார்கள்.

தோழர்களே! இதை வேறு ஊர்க் கதை என்று நாம் பார்த்துவிட்டுப் போக முடியாது. 2018 நவம்பரில், இதே ஓசூர் வட்டாரத்தில் சாதி மாறிக் கலியாணம் செய்துகொண்ட ஒரு சின்னஞ்சிறு ஜோடியைக் கடத்திக் கொண்டுபோய்க் கொன்று காவிரியில் போட்டார்கள். கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்தில் பிணங்கள் மிதந்தன. எல்லைக் கோட்டைத் தாண்டி ஆற்றில் போட்டால் சங்கதி ஆற்றோடு போய்விடும் என்று எண்ணினார்கள் போலும். போகவில்லை. ஆனால் பத்திரிகையில் பத்து நாள் வந்த சேதி பதினொன்றாம் நாள் போய்விடுகிறது. தொகுப்பில் ஏறிய கதை போவதில்லை. அதனால்தான் இப்படிப்பட்ட தொகுப்புகள் வேண்டும் என்று சொல்லுகிறேன்.

அதே சமயம் அந்தத் தொகுப்பின் தலைப்பைப் பற்றி எனக்கு ஓர் ஆக்ஷேபனை உண்டு. பாவக் கதைகள் என்கிறார்கள். பாவம் என்றால் அதற்குக் கோயில் உண்டு, குளம் உண்டு, பிராயச்சித்தம் உண்டு, உண்டியல் உண்டு. அல்லது "ஐயோ பாவம்" என்று நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு எழுந்து போகலாம். பெற்ற பெண்ணைக் கொல்லுவது பாவம் அல்ல, குற்றம். அதற்குப் போலீசும் கோர்ட்டும் ஜெயிலும்தான் உண்டு. எடுத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வைத்திருப்பார்கள். ஆனாலும் வாசலில் எழுதி வைக்கிற ஒரு சொல் உள்ளே இருக்கிற நாலு கதைகளுக்கும் சாயம் ஏற்றிவிடும் என்பதை, பெருந்தேவனார் சங்கதியிலேயே பார்த்தோம். தலைப்பும் தொகுப்பவர் கைவேலைதான்.

இப்போது இன்னொரு புதிய தொகுப்பாளர் வந்திருக்கிறார். அவருக்கு முகமும் இல்லை, ஊரும் இல்லை. உங்கள் செல்போனைத் திறந்தால், அடுத்து இதைப் பார், அதற்கடுத்து அதைப் பார் என்று வரிசை வரிசையாகக் கதைகளை அடுக்கிக் கொடுக்கிறதே, அந்தக் கணக்குப் போடும் யந்திரத்தைத்தான் சொல்லுகிறேன். நேற்று எதைப் பார்த்தீர்கள், எங்கே நிறுத்தினீர்கள் என்பதையெல்லாம் கணக்கில் வைத்து, இன்னும் கொஞ்ச நேரம் உங்களைப் பிடித்து வைக்கக்கூடியதை முன்னால் தள்ளுகிறது. அது தொகுத்தோன். அதற்குப் பின்னால் விளம்பரப் பணமும் சந்தாப் பணமும் வாங்குகிறவன் தொகுப்பித்தோன். ஆளுக்கொரு தொகுப்பு! பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறவர் தொகுப்பு வேறு, உங்கள் தொகுப்பு வேறு. பன்னிரண்டு பேர் ஒரே அறையில் தங்கியிருந்தும் பன்னிரண்டு பேரும் ஒரே கதையைப் பேச முடியாமல் போகிறது. பேய் பிசாசு, பரிகாரம், தாயத்து என்று ஒருநாள் தெரியாமல் கையை வைத்தவனுக்கு மறுநாள் முதல் அதுவே வந்து கொட்டுகிறது. அவனும் "ஊரெல்லாம் இதைத்தான் சொல்லுகிறார்கள்" என்று நினைத்துக்கொள்ளுகிறான். ஊரெல்லாம் சொல்லவில்லை அப்பா, உன் பெட்டியில் அதைத்தான் அடுக்கியிருக்கிறார்கள்!

ஆகவே எந்தத் தொகுப்பைக் கையில் எடுத்தாலும், தொலைக்காட்சியிலோ செல்போனிலோ பார்த்தாலும், நாலு கேள்வி கேளுங்கள். தொகுத்தது யார்? செலவு யாருடையது? முன்னால் வைத்தது எது? விட்டது எது? கதை நன்றாயிருந்தால் ரசியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ரசித்த பிறகாவது கேளுங்கள்.

கேட்பதோடு நிற்கவும் கூடாது. ஓசூரில் தொழிற்பேட்டை வந்து ஐம்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஆகிறது. மோட்டாரும் கைக்கடிகாரமும் செல்போன் பாகமும் இங்கே செய்து உலகத்துக்குப் போகின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசுகிற ஊர்க்காரர்களோடு, வடக்கேயிருந்து வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்கிற ஆண்களும் பெண்களும் சேர்ந்திருக்கிறார்கள். இந்த ஊரிலிருந்தே கதையும் கவிதையும் எழுதிவரும் ஆதவன் தீட்சண்யா போன்றவர்கள் இருக்கிறார்கள். இந்த வட்டாரத்துத் தெலுங்குக்காரர்கள் தாங்கள் வீட்டில் பேசுகிற தெலுங்கிலேயே கதை எழுதித் தொகுத்திருக்கிறார்கள். இவை எல்லாம் நல்ல ஆரம்பம். இனி ஆலைக்குள் நிற்கிறவர்களே சொல்லி, ஆலைக்குள் நிற்கிறவர்களே தொகுக்கிற ஒரு புஸ்தகம் இங்கிருந்து வரவேண்டும் என்பது என் ஆசை. அதற்குச் சில யோசனைகள் சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளுகிறேன்.

முதலாவது, யார் எந்தப் பாஷையில் சொல்லுகிறாரோ அந்தப் பாஷையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மற்றப் பாஷைக்காரர் படிக்கும்படி தமிழிலும் போடுங்கள். அவர் பேச்சைத் திருத்தி அழகாக்குகிறேன் என்று கிளம்பாதீர்கள்.

இரண்டாவது, பெயரோடு தொழிலையும் போடுங்கள். வெல்டர், பிட்டர், பெயின்ட் அடிக்கிறவர், கேண்டீனில் பாத்திரம் தேய்க்கிறவர், ராத்திரிக் காவல்காரர் என்று போடுங்கள். பொற்கொல்லன் வெண்ணாகனாரும் ஓடக்காரர் சௌடய்யாவும் அதற்கு வெட்கப்படவில்லை.

மூன்றாவது, முன்னால் எதையும் வைக்காதீர்கள். சாமி வாழ்த்தும் வேண்டாம், தலைவர் வாழ்த்தும் வேண்டாம், என் முன்னுரையும் வேண்டாம். புஸ்தகம் முதல் கதையில் ஆரம்பிக்கட்டும்.

நாலாவது, நமக்குப் பிடிக்காததை விடாதீர்கள். இதுதான் கஷ்டமானது. ஒரு பெண், "சங்கக் கூட்டத்துக்குப் போனேன், எனக்கு உட்கார நாற்காலி போடவில்லை, டீ கொண்டுவரச் சொன்னார்கள்" என்று எழுதிக் கொடுப்பாள். ஒரு பையன், "அறைக்கு வாடகை பேசினபோது என்னோடு வேலை செய்கிறவரே முதலில் என் சாதியைத்தான் கேட்டார்" என்று எழுதிக் கொடுப்பான். அதைக் குப்பையில் போட்டுவிட்டு முதலாளியைத் திட்டுகிற கதைகளை மட்டும் பெட்டியில் ஏற்றினால், 1887இல் முத்துப்பழனியை வெட்டினவருக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை. நம்மைக் குறை சொல்லுகிற கதையை நாமே அச்சுப் போட்டால்தான் மற்றவரைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை உண்டு.

கடைசியாக ஒன்று. உங்களில் பலர் மனத்தில் இப்போது ஓடுவது எனக்குத் தெரியும். "எழுதிக் கொடுக்கலாம் ஐயா, பெயர் வந்தால் வேலை போய்விடுமே!" என்பதுதான். நியாயமான பயம். குடும்பம் நடத்துகிறவர்களைப் பார்த்து, பயப்படாதே என்று மேடையில் நின்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அதற்குத்தான் நம் பழைய தொகுப்பாளர்கள் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். பெயர் தொலைந்தவருக்கு அவர் சொல்லையே பெயராக்கினார்கள் அல்லவா? நீங்கள் பெயரை மறைக்க வேண்டியவருக்கு அதைச் செய்யுங்கள். அவர் எழுதினதில் மறக்க முடியாத ஒரு சொல் இருக்கும். அதை எடுத்துப் பெயராக வையுங்கள். ஜன்னலில்லா விடுதியார் என்றோ, கடைசி பஸ் தவறியவர் என்றோ, கசங்காத சட்டையார் என்றோ இருக்கட்டும். ஆள் யார் என்று மேலதிகாரிக்குத் தெரியாது. ஆனால் ஒரு ஆள் இருந்தார், ஓசூரில் இருந்தார், இப்படி நினைத்தார், இப்படிச் சொன்னார் என்பது நூறு வருஷத்துக்குப் பின்னால் வருகிறவனுக்கும் தெரியும்.

நான் சொன்னதையெல்லாம் நான் சொன்னேன் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. இந்தச் சொற்பொழிவும் ஒரு தொகுப்புத்தான். எனக்கு வேண்டியதைப் பொறுக்கி, எனக்குத் தோன்றிய வரிசையில் வைத்துச் சொல்லியிருக்கிறேன். ஆகவே நாலு கேள்வியை என்னிடமிருந்தே கேட்க ஆரம்பியுங்கள். சரி என்று பட்டால், அந்த மேஜைமேல் ஒரு நோட்டுப் புஸ்தகமும் பேனாவும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். போகும்போது நாலு வரி எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், பக்கத்தில் இருக்கிறவர் எழுதிக்கொள்ளுவார்.